மாடி ஏறும் நேரம்

எங்கே மாடி ஏறுவதாக இருந்தாலும் கோபிநாத் முதலில் மனைவிக்கு ஃபோன் செய்வார். "அனு, ஏறப் போறேன்" என்பார். அவ்வளவுதான். அந்தப் பக்கம் அனுசுயா கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே ஓட ஆரம்பிப்பாள். அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தாலும் சரி, பள்ளியில் பிரேயர் நடந்துகொண்டிருந்தாலும் சரி, அந்த ஃபோனுக்கு முன்னால் எதுவும் நிற்காது. ஒருமுறை கல்வி அதிகாரி வந்து பேசிக்கொண்டிருந்தபோதே எழுந்து வராந்தாவுக்குப் போய்க் குதித்துவிட்டு வந்தாள். அதிகாரி முறைத்தார். தலைமையாசிரியை அவர் காதில் காரணத்தைச் சொன்னதும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. கிளம்பும்போது அனுசுயாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவள் அந்தப் பள்ளியில் பி.டி. டீச்சர். கல்லூரிக் காலத்தில் நானூறு மீட்டர் ஓட்டத்தில் மாநில அளவில் பதக்கம் வாங்கியவள். கல்யாணம், பிள்ளைப்பேறு, மாமியார் வைத்தியம் என்று எது வந்தாலும் விடியற்காலை ஓட்டத்தை மட்டும் விட்டுக் கொடுக்காதவள். ஸ்ரீரங்கத்தில் மாம்பழச்சாலைக்காரர்கள் அவள் காவிரிப் பாலத்தில் ஓடுவதைப் பார்த்துத்தான் மணி எத்தனை என்று தெரிந்துகொள்வார்கள். இதெல்லாம் கோபிநாத்துக்கு மாரடைப்பு வருவதற்கு முன்னால்.

கோபிநாத் கல்லூரி நூலகர். அதிர்ந்து பேசாத மனிதர். மாரடைப்பு வந்து, ஒரு குழாயில் ஸ்டென்ட் வைத்து, மற்ற இரண்டு அடைப்பையும் மருந்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவரால் பத்துப் படி ஏற முடியவில்லை. அவர்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே இறங்கினால் ஏற வேண்டுமே என்ற பயத்தில் மனிதர் வீட்டிலேயே அடைந்து கிடந்தார். பால்கனியில் நின்று தெருவைப் பார்த்து அழுதுகொண்டிருந்ததை அனுசுயா ஒருநாள் பார்த்துவிட்டாள். அதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை, மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே டிரெட்மில்லில் நடக்க வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் நல்லசிவம் திரையைத் திருப்பி அவளுக்கே காட்டினார். வேகத்தைக் கூட்டக் கூட்ட கோபிநாத்துக்கு மூச்சு வாங்கியது, வியர்த்தது. இதயத் துடிப்பு மட்டும் ஏற மறுத்தது.

"நடந்தா இதயம் வேகம் எடுக்கணும்மா. இவருக்கு எடுக்க மாட்டேங்குது. கால் நடக்குது, இதயம் உட்கார்ந்திருக்கு. இருதயக் குழாய் அடைப்பு உள்ளவங்க பல பேருக்கு இப்படி ஆயிடும்."

பேஸ்மேக்கர் வைக்கலாமே என்று அவள் கேட்டாள். வைக்கலாம்தான், ஆனால் பழைய கருவிகள் உடம்பு ஆடுவதை வைத்துத்தான் வேகத்தைக் கூட்டும், ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து போனாலும் ஆள் ஓடுவதாக நினைத்துக்கொள்ளும் என்று சொல்லி டாக்டர் சிரித்தார். இப்போது வந்திருக்கும் கருவி அப்படி ஊகம் பண்ணாது. நல்ல இதயம் ஒன்றைப் பார்த்து அப்படியே பின்தொடரும். அந்த நல்ல இதயத்துக்கு முன்னோடி என்று பெயர். முன்னோடியாக இருப்பவர் ஒரு சின்ன வில்லையைக் கழுத்தில் போட்டுக்கொண்டால் போதும், எந்த ஊரில் இருந்தாலும் அவருடைய துடிப்பு இவருக்கு வந்துவிடும்.

அனுசுயாவைப் பரிசோதித்துவிட்டு டாக்டர் கிட்டத்தட்டப் பரவசமாகிவிட்டார். ஐம்பதை நெருங்கும் பெண்ணுக்கு இப்படி ஒரு இதயமா என்று மற்ற டாக்டர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். ஓடினால் சட்டென்று ஏறுகிறது, நின்றால் சட்டென்று இறங்குகிறது. அனுசுயாவுக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. தன்னிடம் இருப்பது கணவருக்கு உதவுகிறது என்றால் அதைவிட வேறென்ன வேண்டும் என்று அப்போது மனதார நினைத்தாள்.

வில்லையில் மேல்பக்கம் ஒரு துளை இருந்தது. தாலிக் கயிற்றில் கோத்துக்கொள்வதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். முதலில் கைக்கடிகாரம் போலச் செய்தார்களாம், குளிக்கப் போகும்போது கழற்றி வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்களாம். "தாலியில கோத்துட்டா எந்தப் பொம்பளையும் கழட்ட மாட்டாங்க. அந்த விஷயத்துல உங்கள மாதிரி நம்பகமானவங்க உலகத்துலயே கிடையாது" என்றார் டாக்டர். தங்கச் சங்கிலி சிக்னலைக் கெடுக்கும் என்பதால் சங்கிலி பீரோவுக்குப் போனது, மஞ்சள் கயிறு கழுத்துக்கு வந்தது.

கருவியை மார்பில் பொருத்தி வீட்டுக்கு அனுப்பிய அன்று சாயங்காலம் கோபிநாத் மூன்று மாடியையும் ஏறினார். அனுசுயா பக்கத்திலேயே ஏறினாள். மேலே போய் நின்றதும் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் இதயம் எனக்குள்ள கேக்குது அனு" என்றார். கல்யாணமான புதிதில்கூட அந்த மனிதர் அப்படியொரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாள் விடியற்காலை அவள் வழக்கம்போல் பாலத்தில் ஓடப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த கோபிநாத்துக்கு மார்பில் பாறாங்கல்லை வைத்தது போல வலி வந்தது. அடைத்த குழாய் வழியாக அத்தனை வேகத்துக்கு ரத்தம் எங்கிருந்து போகும்? அவள் திரும்பி வந்தபோது அக்கம்பக்கத்தார் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். டாக்டரிடம் ஓடினார்கள். மேல்வரம்பு ஒன்று வைத்திருக்கிறோம், உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனாலும் அவர் சும்மா இருக்கும்போது நீங்கள் ஓடினால் வலி வரத்தான் செய்யும் என்றார் அவர்.

"நான் தனியா ஓடறேனா, இவரோட நடக்கறேனான்னு அதுக்குத் தெரியாதா டாக்டர்?"

"இதயம் எவ்வளவு அடிக்குதுன்னுதாம்மா கருவிக்குத் தெரியும். ஏன் அடிக்குதுன்னு தெரியாது."

வில்லையைக் கழற்றிவிட்டு ஓடலாமா என்றால் அதுவும் கூடாது. சிக்னல் நின்றால் கருவி அடிமட்டத் துடிப்புக்கு இறங்கிவிடும். ஆள் உட்கார்ந்திருந்தால் தலைசுற்றலோடு போகும், நடந்துகொண்டிருந்தால் விழுந்துவிடுவார். எனவே அனுசுயா ஓடுவதை நிறுத்தினாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. விடியற்காலையில் விழிப்பு வந்ததும் கால் தானாகக் கட்டிலை விட்டு இறங்கும். பிறகு நினைவு வந்து மறுபடி படுத்துக்கொள்வாள்.

ஓட்டம் போனதோடு விட்டதா என்றால் இல்லை. திகில் படம் பார்க்கக் கூடாது என்றார்கள். பள்ளியில் பிள்ளைகளுக்குப் பின்னால் ஓட வேண்டாம் என்று அவளை நூலகத்தில் உட்கார வைத்தார்கள். சண்டை போட முடியவில்லை. கணவன் மனைவி என்றிருந்தால் நாலு வார்த்தை வரத்தானே செய்யும்? வந்தால், அவர் பேச வேண்டியதை முழுசாகப் பேசி முடிப்பார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் கை மார்புக்குப் போய்விடும். நடிப்பில்லை, நிஜமாகவே வலிக்கும். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பும், அந்த ஆத்திரத்தையும் அவள்தான் விழுங்க வேண்டும்.

பிறகு ஒருநாள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, "மத்தியானம் என்ன ஆச்சு? யாரப் பாத்து அப்படிப் படபடன்னு அடிச்சுது?" என்று கேட்டார். அவளுக்கு முதலில் புரியவில்லை. மகள் சஹானா சென்னையில் விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கிறாள், அம்மாவைப் போலவே நானூறு மீட்டர். அன்று மத்தியானம் தேர்வுப் போட்டியில் அவள் முதலாவதாக வந்ததை அனுசுயா ஃபோனில் நேரலையாகப் பார்த்திருந்தாள். சொன்னாள். கோபிநாத் மகிழ்ந்துபோனார். ஆனால் மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். பஸ் ஸ்டாப்பில் யாரைப் பார்த்தாய், ஸ்டாஃப் ரூமில் யார் என்ன சொன்னார்கள் என்று. கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. பயந்த மனிதர், தன் மார்புக்குள் கேட்கும் சத்தத்துக்குக் காரணம் தெரிந்துகொள்ளப் பார்த்தார். அவளுக்கோ, குளியலறைக்குள்கூட யாரோ கூட வருவது போல அருவருப்பாக இருந்தது.

இதற்கும் டாக்டரிடம் வழி இருந்தது. படபடப்பைத் தணிக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்கு என்ன வியாதி என்று அனுசுயா கேட்டாள்.

"உங்களுக்கு ஒரு வியாதியும் இல்ல. இது அவருக்காக நீங்க சாப்பிடுற மாத்திரை."

கோபிநாத்தின் அக்கா கஸ்தூரிக்கு இதைக் கேட்டு உடம்பெல்லாம் புல்லரித்தது. எந்தக் காலத்திலும் எந்தப் பெண்டாட்டிக்கும் வாய்க்காத கொடுப்பினை உனக்கு வாய்த்திருக்கிறது என்று தம்பி மனைவிக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். அனுசுயா மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

மாத்திரை நன்றாகத்தான் வேலை செய்தது. வீடு அமைதியானது. பங்குனி மாதம் சஹானா மாநில அணியிலிருந்து நீக்கப்பட்டதாக ஃபோன் வந்தபோது அனுசுயா உட்கார்ந்து அழுதாள். கண்ணீர் வந்ததே தவிர, மார்பு அடித்துக்கொள்ளவில்லை. யாருடைய துக்கத்தையோ பார்த்து அழுவது போல இருந்தது. தான் விட்ட ஓட்டத்தையெல்லாம் மகள் ஓடிக்கொண்டிருக்கிறாள் என்ற ஒரே ஆறுதலில்தான் அவள் இத்தனையையும் பொறுத்திருந்தாள். என்னடி ஆச்சு என்று கேட்டால், பயிற்சிக்குச் சரியாகப் போக முடியவில்லை, பரவாயில்லைம்மா, விடு என்று பெண் அவளுக்கே ஆறுதல் சொன்னது.

அதற்கு முந்தைய மாதம்தான் கோபிநாத் ஃபோன் செய்வதும் நின்றிருந்தது. கருவிக்குப் புது சாஃப்ட்வேர் போட்டிருக்கிறார்கள், இனிமேல் நான் படியேறும்போது நீ குதிக்க வேண்டியதில்லை என்றார். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஆனால் வில்லையையும் மாத்திரையையும் மட்டும் விட்டுவிடாதே என்றார். அவளும் விடவில்லை.

ஆடிப்பெருக்கு வந்தது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. கஸ்தூரி அண்ணியோடு அனுசுயா போயிருந்தாள். கோபிநாத் ஆற்றுக்கு வரவில்லை, கடைக்குப் போய் வாழை இலையும் காய்கறியும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் வைப்பதாகச் சொல்லியிருந்தார். காவிரிக்குப் படைத்துக் கும்பிட்டுவிட்டு, எல்லாப் பெண்களையும் போல அவளும் தாலிக் கயிறு மாற்றிக்கொள்ள உட்கார்ந்தாள். கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்று முதலில் புதுக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பழைய கயிற்றிலிருந்து தாலியையும் குண்டு மணிகளையும் ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாற்றுவார்கள். போன வருஷமும் இப்படித்தான் செய்தாள், வில்லையை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு. இந்த வருஷமும் கவனமாகத்தான் இருந்தாள். அண்ணியின் விரல்களில் மஞ்சள் ஈரம். பின்னாலிருந்து ஒரு கூட்டம் நெருக்கியது. வில்லை நழுவிப் படியில் ஒருமுறை துள்ளி, புதுவெள்ளத்தில் விழுந்தது.

அனுசுயா தண்ணீருக்குள் பாய்ந்தாள். இடுப்பளவு நீரில் குனிந்து குனிந்து துழாவினாள். செம்மண் கரைத்தது போல ஓடும் ஆற்றில் கண்ணுக்கு என்ன தெரியும்? கரையேறி ஃபோன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, கோபிநாத் எடுக்கவில்லை. இந்நேரம் அவர் பையோடு மாடி ஏறிக்கொண்டிருப்பார் என்று நினைத்தபோது அவளுக்கு உலகமே இருண்டது.

"போனாப் போகுது விடு அனு. ஒண்ணும் ஆகாது. தலையத் துவட்டு" என்றாள் கஸ்தூரி அண்ணி.

தம்பிக்கு ஒரு தும்மல் வந்தாலே கோயில் கோயிலாக ஏறி இறங்குகிறவள் இப்படிச் சொன்னதை அனுசுயா கேட்டாள். நின்று யோசிக்க நேரமில்லை. ஈரப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

வீடு வரைக்கும் உள்ள தூரமெல்லாம் பழைய அனுசுயாவுக்கு ஒரு தூரமே இல்லை. மாம்பழச்சாலை திரும்புவதற்குள் மூச்சு முட்டியது. கால்கள் பழையபடி பாயத் தயாராகத்தான் இருந்தன, உள்ளே இருப்பது எழுந்திருக்க மறுத்தது. கண்ணில் பூச்சி பறந்தது. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிரெட்மில்லில் கோபிநாத் இப்படித்தான் நின்றார் என்பது நினைவுக்கு வந்தது. எங்கோ விழுந்து கிடக்கும் கணவரின் முகம் கண்முன் வந்தது. தடுமாறித் தடுமாறி வீட்டு வாசலை அடைந்தாள்.

மேலே யாரோ சீட்டியடித்துக்கொண்டு படியேறும் சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கோபிநாத், ஒரு கையில் வாழை இலைக் கட்டும் மறு கையில் காய்கறிப் பையுமாக, இளவட்டம் போல ஏறிக்கொண்டிருந்தார்.

அவள் கூப்பிட்டாள். குரலே எழும்பவில்லை, ஆனாலும் அவர் திரும்பிப் பார்த்தார். பையைப் போட்டுவிட்டு மடமடவென்று இறங்கி வந்தார். நாடி பிடித்துப் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பி.டி. டீச்சருக்கு அது கைப்பழக்கம். ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள், மறு கையைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள். இத்தனை தூரம் ஓடி வந்தவளுக்கு நாடி ஆற அமர நடந்துகொண்டிருந்தது. அவர் நாடி குதித்துக்கொண்டிருந்தது.

வில்லை ஆற்றில் போய்விட்டது என்று சொன்னாள். அவர் திடுக்கிடவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"இது யாரோடதுங்க?"

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் மணிக்கட்டை விடவில்லை.

"தப்பா நினைக்காத அனு. நான் கேக்கல, அவளேதான் தர்றேன்னா" என்றார்.

மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. மாத்திரை போட ஆரம்பித்த பிறகு அனுசுயா எவ்வளவு குதித்தாலும் துடிப்பு ஏறவில்லை, அவர் மறுபடியும் பாதிப் படியில் நிற்க ஆரம்பித்துவிட்டார். மாத்திரையை நிறுத்தினால் பழைய படபடப்பு வரும். டாக்டர்தான் இளம் இதயமாக இருந்தால் இன்னும் நல்லது என்றிருக்கிறார். சஹானா வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கல்யாணமாகாத பெண் என்பதால் அவளுக்குத் தாயத்து மாதிரி கையில் கட்டிவிட்டிருக்கிறார்கள். அண்ணிக்கும் தெரியும். அனுசுயாவின் கழுத்தில் இருந்த வில்லையை மாசியிலேயே அணைத்துவிட்டார்கள்.

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ படபடப்பாயிருவன்னுதான்."

"ஆயிட்டா என்ன? என் படபடப்புதான் உங்களுக்கு வர்றதே இல்லையே."

கோபிநாத் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண்ணில் நீர் நின்றது. அவள் மேல் பிரியம் இல்லாமல் இல்லை அந்த மனிதருக்கு. அதைத் தெரிந்துகொண்டே அனுசுயா அவரை வெறுத்தாள். வெறுப்புக்குக்கூட மார்பு ஒத்துழைக்கவில்லை, அது பாட்டுக்கு நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. அவள் சஹானாவுக்கு ஃபோன் போட்டாள்.

சஹானா உடனே எடுத்தாள். லேசாக மூச்சு வாங்கியது. பின்னால் விசில் சத்தமும் பெண்கள் கத்தும் சத்தமும் கேட்டன.

என்ன செய்கிறாய் என்று அனுசுயா கேட்டாள். கிரவுண்டில் இருக்கிறேன் என்றாள் பெண். ஓடினாயா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். அப்பா மாடி ஏறப் போவதாகச் சொன்னார், கேலரிப் படியில் ஏறி இறங்கினேன், இப்போது உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"மத்த பிள்ளைங்க?"

"அவங்க ஓடறாங்கம்மா."

"நீயும் போய் ஓடு. நான் சொல்றேன், எந்திரி."

சஹானா திருப்பிக் கேட்டாள். அந்தக் குரல் அனுசுயாவுக்கு நன்றாகத் தெரிந்த குரல், இத்தனை நாளாக அவள் தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்த அதே அடங்கிய குரல்.

"அப்பா இப்ப உட்கார்ந்திருக்காரா, நடந்துட்டு இருக்காராம்மா? அத முதல்ல சொல்லு."

அனுசுயா கணவரைப் பார்த்தாள். அவர் படியில் உட்கார்ந்து, ஒரு கையை மார்பில் வைத்துக்கொண்டு, அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்துட்டுதான் இருக்காரு. நீ ஓடு" என்றாள்.

ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சற்று நேரத்தில் விசில் ஊதியது. மண்ணில் பெண்களின் கால்கள் விழும் சத்தம் கேட்டது. கோபிநாத்தின் விரல்கள் மார்புச் சட்டையைப் பிடித்தன. அவள் குனிந்து அவர் முழங்கையைப் பற்றினாள்.

"எந்திரிங்க, நடங்க. அவ ஓட ஆரம்பிச்சுட்டா."